யானை முதுகில் ஒட்டிய வெளிச்சம்

தேர் நிலைக்கு வந்த மறுநாள். திருவிழாக் கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் அக்கா மகள் பாப்பாவும் அவள் தம்பியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னை ஒரு பொம்மைக் கடைக்கு இழுத்துப் போனார்கள். பாலிதீன் பைக்குள் எட்டு விலங்குகள். யானை, குதிரை, சிங்கம், காண்டாமிருகம், இன்னும் நான்கு. எட்டும் சேர்த்து 60 ரூபாய்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்ததும் பையனின் முகம் வாடிவிட்டது. யானை ரோஸ் நிறத்தில் இருந்தது. கண் கன்னத்தில் இருந்தது. தந்தத்துக்குப் பூசிய வெள்ளை, தும்பிக்கை வரை வழிந்திருந்தது.

“சீப்பான பொம்மை மாமா. தூக்கிப் போட்டுடலாம்.”

“போடலாம். அதுக்கு முன்னால கண்ணை மூடிக்கிட்டு ஒரு தடவை தடவிப் பாருடா.”

கண்ணை மூடினான். விரல் யானையின் நெற்றியில் தொடங்கி, தும்பிக்கையின் வரிகளில் இறங்கி, காதின் மடிப்பில் நின்றது. பிறகு கால் நகங்களை ஒவ்வொன்றாக எண்ணினான்.

“மாமா, கண்ணை மூடினா நல்ல யானையா இருக்கு!”

அவன் விரல் உண்மையைத்தான் சொன்னது. இத்தகைய பொம்மைகளுக்கு முதலில் உலோகத்தில் ஓர் அச்சு செய்வார்கள். உருக்கிய பிளாஸ்டிக்கை அந்த அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி, ஆறியதும் எடுப்பார்கள். யானையை உற்றுப் பார்த்த யாரோ ஒருவர் பொறுமையாக அந்த வடிவத்தை உருவாக்கியிருக்கிறார். அதே வடிவம் ஆயிரம் ஆயிரம் பொம்மைகளில் அப்படியே வரும். ஆனால் வண்ணத்தை ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாக அடிக்க வேண்டும். அவசரத்தில் கண் கன்னத்துக்குப் போய்விடுகிறது. நாம் ‘மலிவு’ என்று நினைப்பது பெரும்பாலும் இந்த அவசர வண்ணத்தைத்தான். அதை மறைத்துவிட்டால் வடிவம் வெளியே வரும்.

அதற்கு ஒரு டப்பா ஸ்ப்ரே பெயிண்ட் போதும். கூடவே கொஞ்சம் அறிவியலும் வேண்டும்.

முதலில் குளியல்

இட்லித் தட்டில் மாவு ஊற்றுவதற்கு முன் எண்ணெய் தடவுகிறோம் அல்லவா? இட்லி ஒட்டாமல் வர வேண்டுமே! பொம்மை அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரவும் அப்படி வழவழப்பான ஒரு பொருளைத் தடவுவது உண்டு. அதில் கொஞ்சம் பொம்மையின் மேலும் தங்கிவிடும். நம் விரல்களின் எண்ணெய்ப் பசையும் அதோடு சேரும். இதன் மேல் வண்ணம் அடித்தால், சில நாளில் தோல் உரிவதுபோல் உரிந்து வரும்.

எட்டு விலங்குகளையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தோம். சோப்பு மூலக்கூறின் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும். இன்னொரு முனைக்கு எண்ணெய் பிடிக்கும். அது ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்து, அழுக்கை வெளியே கூட்டிப் போய்விடும்.

காய்ந்ததும் பாப்பா ஒரு சோதனை செய்தாள். கழுவிய கண்ணாடி டம்ளரின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். அது பரவியது. பாலிதீன் பையின் மேல் ஒரு சொட்டு விட்டாள். அது பரவாமல் குண்டாகக் குவிந்து நின்றது. பாலிதீனுக்குத் தண்ணீரை ஈர்க்கும் ஆற்றல் மிகக் குறைவு. அதனால் தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே கைகோத்துச் சுருண்டுகொள்கின்றன. வண்ணத்துக்கும் இதே பிரச்சினை உண்டு. பரவாத திரவம் சரியாக ஒட்டாது.

அதனால் பொம்மைகளை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தோம். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்தன. வண்ணம் பற்றிக்கொள்ள அவைதான் பிடிமானம். சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கள் முதலில் பிரைமர் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் உள்ள பொருளோடும் மேலே வரும் வண்ணத்தோடும் நன்றாக ஒட்டும் இடைப்பூச்சு அது. எங்கள் விலங்குகளுக்கும் நிறமில்லாத பிளாஸ்டிக் பிரைமர் ஒரு பூச்சு அடித்தோம்.

ஒரு விஷயம். அமுக்கினால் நசுங்கும் மெத்தென்ற பொம்மைகளை இதற்கு எடுக்காதீர்கள். மென்மையாக்குவதற்காக அவற்றில் சேர்த்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல வெளியே கசியும். அதனால் வண்ணம் காயாமல் நாள்கணக்கில் பிசுபிசுக்கும்.

டப்பாவுக்குள் கிணுகிணு

டப்பாவைக் குலுக்கினால் ‘கிணுகிணு’ என்று சத்தம் கேட்கும். உள்ளே ஒரு சிறிய குண்டு இருக்கிறது. அது எதற்கு?

வண்ணத்தில் மூன்று பொருள்கள் உண்டு. நிறம் தருவது நிறமி. அதைப் பொம்மையோடு ஒட்டி வைப்பது பிசின். இரண்டையும் திரவமாக வைத்திருப்பது கரைப்பான். வெள்ளை வண்ணத்தின் நிறமி டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் மிக நுண்ணிய தூள். அதன் அடர்த்தி தண்ணீரைப் போல 4 மடங்கு. சும்மா வைத்திருந்தால், ரசத்தின் மண்டி அடியில் தங்குவதுபோல் அதுவும் தங்கிவிடும். குண்டு உருண்டு உருண்டு அந்த மண்டியைக் கிளறிவிடுகிறது.

நான்காவதாக ஒரு பொருளும் டப்பாவில் இருக்கிறது. அதுதான் உந்து வாயு. இப்போது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் போன்ற வாயுக்களைப் பயன்படுத்துகிறார்கள். சமையல் சிலிண்டரில் இருப்பதும் இவைதான். அழுத்தி அடைத்தால் இவை திரவமாகிவிடும்.

“மாமா, சைக்கிள் டியூப்ல காத்தைத் திறந்துவிட்டா வேகம் குறைஞ்சுக்கிட்டே போகுமே. இதுல ஏன் கடைசி வரைக்கும் ஒரே மாதிரி வருது?” என்று பையன் கேட்டான்.

நல்ல கேள்வி. டியூபில் இருப்பது வாயு மட்டும்தான். போகப் போக அழுத்தம் குறையும். டப்பாவிலோ மேல் பகுதியில் வாயுவும் கீழே திரவமும் சேர்ந்து இருக்கின்றன. மேலே இடம் காலியாகும்போதெல்லாம் திரவத்தில் கொஞ்சம் கொதித்து வாயுவாகி அந்த இடத்தை நிரப்பிவிடும். திரவம் தீரும் வரை அழுத்தம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

இந்த யோசனைக்கு ஒரு கதை உண்டு. நார்வே நாட்டுப் பொறியாளர் எரிக் ரோத்தைம் 1927-இல் இத்தகைய தெளிப்பு டப்பாவுக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர்கள் கொசு மருந்தை இப்படி டப்பாவில் அடைத்தார்கள். மலேரியாவிலிருந்து படைவீரர்களைக் காப்பதற்காக! 1949-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சைகமோர் என்ற ஊரில் எட்வர்ட் சீமோர் என்ற வண்ண வியாபாரி இருந்தார். தன்னுடைய அலுமினிய வண்ணத்தை வாடிக்கையாளர்களுக்கு எளிதாக அடித்துக் காட்ட ஒரு வழி தேடினார். ‘டப்பாவில் அடைத்துத் தெளித்தால் என்ன?’ என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி பானி. ஸ்ப்ரே பெயிண்ட் டப்பா அப்படித்தான் பிறந்தது.

பிறகு ஒரு பெரிய ஆபத்து தெரியவந்தது. அந்தக் காலத்து டப்பாக்களில் குளோரோ புளோரோ கார்பன் என்ற வாயுவை உந்து வாயுவாக வைத்திருந்தார்கள். அது தீப்பற்றாது, விஷமும் இல்லை. எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். 1974-இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். அந்த வாயு வானில் மிக உயரத்துக்குப் போய், சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து, குளோரின் அணுக்களை வெளியிடும். அந்த ஒவ்வோர் அணுவும் ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும் என்றார்கள். ஓசோன் நமக்குக் குடை ஆயிற்றே! 1985-இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் மிகவும் மெலிந்துபோனதை ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 1987-இல் உலக நாடுகள் மாண்ட்ரியால் நகரில் ஒப்பந்தம் செய்து அந்த வாயுக்களைக் கைவிடத் தொடங்கின. மொலினாவும் ரோலண்டும் பால் குருட்சன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து 1995-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். உலகம் ஒன்றாகக் கூடித் தன் தவறைத் திருத்திக்கொண்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் நம்பிக்கை பிறக்கிறது.

இப்போதைய உந்து வாயு ஓசோனை அழிக்காது. ஆனால் தீப்பற்றும். ஆகவே டப்பாவை அழுத்துவது பெரியவர்களின் வேலை. மொட்டை மாடி போன்ற திறந்த இடத்தில்தான் அடிக்க வேண்டும். அடுப்பு, விளக்கு, கொசுவர்த்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். துணி முகக்கவசம் துளிகளைக் கொஞ்சம் தடுக்கும், கரைப்பானின் ஆவியைத் தடுக்காது. டப்பாவை வெயிலில் வைக்கக் கூடாது. காலியான டப்பாவையும் துளைக்கவோ நெருப்பில் போடவோ கூடாது.

துளிகள் போகும் பாதை

மாடியில் பழைய செய்தித்தாளை விரித்து யானையை நிறுத்தினோம். நான் டப்பாவை அழுத்தினேன். ‘ஸ்ஸ்ஸ்’.

அந்தச் சின்னத் துளையைத் தாண்டியதும் திரவ வாயு சட்டென்று கொதித்து விரிகிறது. அந்த விரிவு வண்ணத்தைச் சிதறடித்து நுண்துளிகளாக்குகிறது. டப்பாவைத் தொட்டுப் பார்த்த பாப்பா, “ஜில்லுன்னு இருக்கு மாமா!” என்றாள். டப்பாவுக்குள் இருக்கும் திரவம் வாயுவாக மாற வெப்பம் வேண்டும். அதை டப்பாவிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்.

எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும்? ஒரு சாணுக்குச் சற்று அதிகம். மிக அருகில் பிடித்தால் வண்ணம் குவிந்து வழியும். மிகத் தள்ளிப் பிடித்தால், துளிகள் வழியிலேயே காய்ந்து தூளாக வந்து விழும். பொம்மை மணல் ஒட்டியதுபோல் சொரசொரப்பாகிவிடும்.

ஒரே தடவையில் கனமாகவும் அடிக்கக் கூடாது. கனமான ஊத்தப்பம் மேலே வெந்ததுபோல் தெரிந்தாலும் நடுவில் மாவாகவே இருக்குமே, அதே கதைதான். மேல்பகுதி முதலில் காய்ந்து தோல் போலாகும். கரைப்பான் அதற்கடியில் மாட்டிக்கொள்ளும். பிறகு அது வெளியேறும்போது தோல் சுருங்கும். மெல்லிய பூச்சு, காயும் வரை பொறுமை, மறுபடி மெல்லிய பூச்சு. இப்படி மூன்று தடவை அடர்சாம்பல் வண்ணம் அடித்தோம். ரோஸ் யானை மறைந்தது. கன்னத்துக் கண்ணும் மறைந்தது.

காய்ந்த யானையைப் பாப்பா தலைகீழாகத் தூக்கினாள். வயிற்றுக்கடியில் ரோஸ் அப்படியே இருந்தது.

“மாமா, இங்க மட்டும் படவே இல்ல. நிழல் விழுந்த மாதிரி இருக்கு.”

அவள் சொன்ன அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். டப்பாவிலிருந்து கிளம்பும் துளிகள் இவ்வளவு குறைந்த தூரத்தில் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. வெளிச்சமும் நேர்கோட்டில்தான் போகிறது. எந்த இடத்துக்கு வெளிச்சம் போகாதோ அந்த இடத்துக்கு வண்ணமும் போவதில்லை. வண்ணம் படாத இடம், துளிகளின் நிழல்!

இந்த உண்மையை மனிதர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு குகைச் சுவரில் ஒரு கையின் உருவம் இருக்கிறது. யாரோ ஒருவர் பாறையில் கையை வைக்க, செங்காவி வண்ணத்தை அதன் மேல் ஊதியிருக்கிறார்கள். கையை எடுத்ததும் சுற்றிலும் வண்ணம், நடுவே கையின் வடிவம். அது குறைந்தது 39,900 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களிடம் டப்பா இல்லை. ஊதுவதற்கு மூச்சு இருந்தது.

யானையைப் படுக்க வைத்து வயிற்றுக்கும் வண்ணம் அடித்தோம்.

இரண்டு பாடங்கள்

எல்லாமே சரியாக நடந்துவிடவில்லை. ஒரு நாள் மழை விட்ட ஈரத்தோடு சிங்கத்துக்கு அடர்சாம்பல் அடித்தேன். கொஞ்ச நேரத்தில் அதன் மேல் பால் ஊற்றியதுபோல் வெண்மை படர்ந்தது. கரைப்பான் ஆவியாகும்போது பொம்மையின் மேற்பரப்பு குளிர்கிறது. ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளியே வேர்ப்பதுபோல், காற்றிலிருந்த ஈரம் அந்தக் குளிர்ந்த பூச்சின் மேல் படிந்துவிட்டது. வெயில் அடித்த ஒரு நாளில் மறுபடி அடிக்க, சிங்கம் சரியானது.

விலங்குகள் நிற்பதற்குப் பையன் தெர்மோகோலில் ஒரு குன்று செய்திருந்தான். அதற்கும் வண்ணம் அடித்தோம். எங்கள் கண் முன்னாலேயே குன்றில் குழி விழுந்தது. தெர்மோகோல் என்பது பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கின் நுரை, பெரும்பகுதி காற்றுதான். ஸ்ப்ரே பெயிண்டின் கரைப்பான் அந்தப் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும். அவன் அழவில்லை. குழிகளை உற்றுப் பார்த்துவிட்டு, “எரிமலைன்னு வெச்சுக்கலாம் மாமா” என்றான்.

வெளிச்சத்தை வரைவது

இப்போது எட்டு விலங்குகளும் ஒரே சாம்பல் நிறத்தில் நின்றன. ஆச்சரியமாக இருந்தது. முன்பு தெரியாத தும்பிக்கை வரிகள் இப்போது தெரிந்தன.

இது நம் கண்ணும் மூளையும் சேர்ந்து போடும் கணக்கு. ஒரு பொருளின் மேடு பள்ளங்களை அதில் விழும் வெளிச்சத்தையும் நிழலையும் வைத்தே மூளை பெருமளவு கண்டுபிடிக்கிறது. பல நிறங்கள் கலந்து கிடந்தால், எது நிழல், எது கறுப்பு வண்ணம் என்று அதற்குக் குழப்பம். ஒரே நிறமாகிவிட்டால், மாறுவது வெளிச்சம் மட்டும்தான். வடிவம் பளிச்சென்று தெரிகிறது. பளபளப்பில்லாத வண்ணமாக இருந்தால் இன்னும் நல்லது. பளபளப்பு, கண்ணாடிபோல் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து நுணுக்கங்களை மறைத்துவிடும்.

லூயிஸ் நெவெல்சன் என்ற சிற்பிக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1899-இல் இன்றைய உக்ரைனில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்குப் போனவர். நியூயார்க் தெருக்களில் எறிந்து கிடந்த மரத்துண்டுகளைப் பொறுக்கி வருவார். நாற்காலிக் கால், பெட்டியின் பலகை, மாடிப்படிக் கைப்பிடியின் துண்டு என்று எல்லாவற்றையும் அடுக்குவார். பிறகு முழுவதற்கும் ஒரே கறுப்பு வண்ணம் அடிப்பார். 1958-இல் அவர் செய்த ‘வான் பேராலயம்’ 10 அடிக்கும் மேல் உயரம். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே நிறம் பூசியதும் பழைய நாற்காலிக் கால் தன் பழைய வேலையை மறந்து சிற்பத்தின் உறுப்பாகிவிட்டது.

ஓவியர் பிக்காசோ 1951-இல் தன் மகனின் இரண்டு பொம்மைக் கார்களை எடுத்தார். ஒன்றின் வயிற்றோடு இன்னொன்றின் வயிற்றை ஒட்டினார். அது ஒரு பபூன் குரங்கின் முகமானது! காரின் முன்கண்ணாடி குரங்கின் கண்ணாகிவிட்டது. முழு உருவத்தையும் வெண்கலத்தில் வார்த்ததும் கார் எது, குரங்கு எது என்று பிரிக்க முடியாமல் ஒன்றாகிவிட்டது.

எங்கள் யானைக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. டப்பாவை நேர் மேலே உயர்த்திப் பிடித்து, வெள்ளை வண்ணத்தை ஒரே ஒரு தடவை மெல்லத் தூவினேன். முதுகிலும் தலையிலும் வெள்ளை விழுந்தது. வயிறும் காதின் அடியும் சாம்பலாகவே இருந்தன. உச்சிவெயிலில் யானை நிற்பதுபோல் ஆகிவிட்டது. துளிகள் வெளிச்சத்தின் பாதையில் போயிருந்தன. சின்னப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் கலைஞர்கள் உலகெங்கும் கையாளும் உத்தி இது.

குதிரைக்கு மட்டும் பொன் நிறம் வேண்டும் என்றாள் பாப்பா. அந்த டப்பாவில் துளித் தங்கமும் கிடையாது. சில பொன் வண்ணங்களில் பித்தளைத் தூள் இருக்கும். வேறு சிலவற்றில் மைக்கா என்னும் கனிமத்தின் மெல்லிய செதில்கள் இருக்கும். செதிலின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடு மிக மெல்லியதாகப் படிந்திருக்கும். அந்தப் படலத்தின் தடிமனைப் பொறுத்து, சோப்புக் குமிழியில் தெரிவதுபோல் நிறம் பிறக்கும். மைக்காவைத் தமிழில் ‘காக்காப்பொன்’ என்பார்கள். அதன் மினுமினுப்பை நம் முன்னோர் எப்படிக் கவனித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

நீங்கள் செய்து பாருங்கள்

ஸ்ப்ரே டப்பா இல்லாமலேயே துளியின் நிழலைப் பார்க்கலாம். வெள்ளைத்தாளின் மேல் ஒரு வேப்பிலைக் கொத்தை வையுங்கள். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைக் கெட்டியான வாட்டர் கலரில் தோய்த்து, பெருவிரலால் முடிகளைப் பின்பக்கமாக வருடிவிடுங்கள். துளிகள் முன்னால் தெறிக்கும். இலையை எடுத்தால் வெள்ளை வேப்பிலை! நேர் மேலேயிருந்து ஒரு தடவையும், சாய்வாக ஒரு தடவையும் செய்யுங்கள். எதில் ஓரம் கூர்மையாக வருகிறது? ஏன் என்று யோசியுங்கள்.

எங்கள் யானை இப்போது அலமாரியில் நிற்கிறது. சென்ற வாரம் ஒரு நாள் இரவு கரண்ட் போனது. பையன் டார்ச்சைத் தன் தாடைக்குக் கீழே அடித்துப் பேய் முகம் காட்டினான். முகம் ஏன் பேய்போலத் தெரிகிறது? வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை பழகியிருக்கிறது. சூரியன் மேலேதானே இருக்கிறது! கீழிருந்து வந்தால் நிழல்கள் இடம் மாறி அது தடுமாறுகிறது.

உடனே அவன் டார்ச்சை யானையின் கீழே பிடித்தான். அதற்குப் பேய் முகம் வரவே இல்லை. வயிற்றில் டார்ச் வெளிச்சம், முதுகில் நாங்கள் தூவிய வெள்ளை. இரண்டு வெளிச்சங்களுக்கு நடுவில் யானை தட்டையாகத் தெரிந்தது.

“மாமா, ரெண்டும் சண்டை போடுது” என்றாள் பாப்பா.

பையன் டார்ச்சை அணைத்தான். ஜன்னல் வழியாக வந்த மங்கலான வெளிச்சத்தில் அறை முழுவதும் கறுத்துக் கிடந்தது. யானையின் முதுகில் மட்டும் உச்சிவெயில் கொஞ்சம் மிச்சமிருந்தது.